மருந்து ஒத்துக்கொள்ளாதபோது எழுத வேண்டியவர் யார்?

சித்தூர்ப் பகுதியில் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே வாக்கியத்திற்குள்ளேயே, கலந்து வழங்குவதை அப்பக்கம் சென்று வந்தவர்கள் அறிவார்கள். 1953-ம் ஆண்டு அக்டோபர் மாதம் வரை அந்த ஜில்லா சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே ஒருவருக்கு மருந்து உட்கொண்டபின் உடம்பில் தடிப்போ, வாந்தியோ, தலைசுற்றலோ கண்டால், தமிழ் பேசுபவர் “மருந்து ஒத்துக்கொள்ளவில்லை” என்பார். தெலுங்கு பேசுபவர் “மந்து படலேது” என்பார். மருந்தையும் குறை கூறாமல், உடம்பையும் குறை கூறாமல், இரண்டிற்கும் இடையே நேர்ந்த பொருத்தமின்மையை மட்டும் எடுத்துரைக்கும் செம்மையான சொற்றொடர்கள் இவை. வைத்திய விஞ்ஞானம் இதே நிகழ்ச்சிக்கு நீண்டதொரு இலக்கணம் வகுத்திருக்கிறது. நோயைத் தடுக்கவோ, கண்டறியவோ, குணப்படுத்தவோ வழக்கமான அளவில் கொடுக்கப்பட்ட மருந்தினால், நாம் கருதாத வகையில் விளையும் தீங்கு என்பது அதன் சாரம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் பல நாள் தொல்லை கொடுத்ததுண்டு. ‘பக்க விளைவு’ என்று எழுதினால் வாசகர் உடனே புரிந்து கொள்கிறார். ஆனால் பக்கத்தில் விளைவதெல்லாம் தீமையாக இருக்க வேண்டியதில்லை. ‘எதிர்விளைவு’ என்றால் மருந்தை எதிர்த்து ஏதோ நடக்கிறது என்று பொருள்படுகிறது. ‘தீய விளைவு’ என்பதே நேரானது என்று நான் கருதுகிறேன். இக்கட்டுரையில் அதையே ஆளுகிறேன். சொல் எதுவாயினும் ஆகுக. என் கவலை வேறு. ஒத்துக்கொள்ளவில்லை என்ற அந்த வார்த்தை ஆரம்ப சுகாதார நிலையத்தின் திண்ணையிலும், மருந்துக்கடை முகப்பிலும், பள்ளிக்கூட வராந்தாவிலும் நாள்தோறும் சொல்லப்படுகிறது. கேட்பவர் “சரி, அதை நிறுத்திவிடு” என்கிறார். விஷயம் அத்துடன் முடிந்து போகிறது. யாரும் அதை எழுதுவதில்லை.

எழுதினால் என்ன பயன் என்று கேட்கலாம். ஒரு புதிய மருந்து விற்பனைக்கு வருமுன் மனிதர்களிடம் சோதிக்கப்படுகிறது என்பது உண்மையே. ஆனால் அச்சோதனையில் சேர்க்கப்படுபவர்கள் பெரும்பாலும் சில ஆயிரம் பேர். கர்ப்பிணிகள், முதியோர், குழந்தைகள், ஒரே சமயத்தில் நான்கு நோய்களுக்கு மருந்து உண்பவர்கள் ஆகியோர் பெரும்பாலும் அதில் இடம்பெறுவதில்லை. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு மட்டும் நேரக்கூடிய தீங்கை எடுத்துக்கொள்வோம். மூவாயிரம் பேரிடம் நடத்திய சோதனையில் அது ஒருமுறைகூடத் தோன்றாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். ஒருமுறையேனும் அதைக் கண்ணால் காண்போம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் முப்பதாயிரம் பேரிடம் சோதிக்க வேண்டும் என்று புள்ளிவிவர நிபுணர்கள் கணக்கிட்டுச் சொல்கிறார்கள். அவ்வளவு பேரிடம் சோதித்த பிறகே மருந்தை வெளியிடுவோம் என்றிருந்தால், மருந்து வருமுன் நோயாளி போய்விடுவார். ஆகவே மருந்து கடைக்கு வந்த பின்னரே அதன் முழுமையான சோதனை தொடங்குகிறது. அச்சோதனையின் ஆய்வுக்கூடம் நாடு முழுவதும் பரந்து கிடக்கிறது. அதன் குறிப்பேட்டை எழுத வேண்டியவர்கள் மருந்தைக் கொடுப்பவர்களும், கொடுத்ததைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் ஆவர்.

இதற்கு உலகறிந்த சான்று தாலிடோமைடு என்ற மருந்தின் சரித்திரம். 1957-ம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த இது, அபாயமற்ற உறக்க மருந்தென்று புகழப்பட்டு, கர்ப்பிணிகளின் காலை நேரக் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்டது. கை கால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் பல நாடுகளில் பிறந்தனர் என்று மதிப்பிடப்படுகிறது. 1961-ம் ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலிய டாக்டர் மக்பிரைட் என்பவர் ‘லான்செட்’ பத்திரிகைக்குச் சில வரிகளே கொண்ட கடிதம் ஒன்றை எழுதினார். தாம் கண்டதைக் கூறி, வேறு யாரேனும் இத்தகைய குழந்தைகளைப் பார்த்ததுண்டா என்ற கேள்வியுடன் அக்கடிதத்தை முடித்தார். ஜெர்மனியில் டாக்டர் லென்ஸ் ஏறக்குறைய அதே சமயத்தில் அதே முடிவுக்கு வந்திருந்தார். இதில் நம் களப்பணியாளர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சிட்னி நகரில் மக்பிரைட் பணியாற்றிய மகப்பேற்று ஆஸ்பத்திரியில், அக்குழந்தைகளின் தாய்மார் அனைவரும் ஒரே மருந்தை உண்டவர்கள் என்பதை முதலில் கவனித்து அவரிடம் சொன்னவர் பாட் ஸ்பாரோ என்ற நர்ஸ் என்று பின்னாளில் எழுதப்பட்ட வரலாறுகள் கூறுகின்றன. கடிதத்தில் கையெழுத்திட்டவர் டாக்டர், கண்டவர் நர்ஸ்.

அந்தத் துயரத்தின் பயனாகவே பிரிட்டனில் 1964-ல் மஞ்சள் அட்டைத் திட்டமும், 1968-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சர்வதேசத் திட்டமும் பிறந்தன. சர்வதேசத் திட்டத்தின் நிலையம் 1978 முதல் ஸ்வீடனில் உப்சாலா நகரில் இயங்கி வருகிறது. இந்தியா 1998-ல் அத்திட்டத்தில் சேர்ந்தது. இப்போதுள்ள இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-ம் ஆண்டு ஜூலையில் தொடங்கப்பட்டது; 2011 ஏப்ரல் முதல் காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்துத்தர நூல் ஆணையம் அதை நடத்துகிறது. மருத்துவக் கல்லூரிகளிலும் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் கண்காணிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. நிலையம் இல்லாத ஊரிலிருப்பவரும் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் செய்தியைச் சொல்லலாம். அமைப்புக்குக் குறைவில்லை என்பதைக் காட்ட இவ்வளவு போதும்.

இனி திருப்பதிக்கு வருவோம். இவ்விஷயத்தில் அந்த ஊருக்குத் தனியானதொரு சிக்கல் உண்டு. மருத்துவ வசதியில் பின்தங்கிய ஊரன்று அது. 1960-ல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியும், அதனுடன் இணைந்த ரூயா ஆஸ்பத்திரியும், பின்னர் எழுந்த ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞான நிலையமும் அங்கு உள்ளன. மலைமேல் அசுவினி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் நாள்தோறும் மலையேறும் பல்லாயிரம் யாத்ரிகர்கள் ஓரிரு நாட்களில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அலிபிரியிலிருந்து மூவாயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஏறிய முழங்காலுக்கு வலி மாத்திரை ஒன்று, வழியில் கண்ட ஜுரத்திற்கு மற்றொன்று என்று வாங்கி விழுங்கிவிட்டுப் பஸ் ஏறுகிறார்கள். மருந்தின் தீய விளைவுகள் எல்லாம் உடனே தோன்றுவன அல்ல. தோலும் வாயின் உட்புறமும் கண்ணின் சவ்வும் வெந்ததுபோல் உரியும் ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய் பெரும்பாலும் மருந்தைத் தொடங்கிய நான்கு நாள் முதல் நான்கு வாரத்திற்குள் வருவது. ஜுரம், தடிப்பு, நெறிகட்டுதல், ஈரல் பாதிப்பு ஆகியவை ஒருங்கே காணும் ‘டிரெஸ்’ என்னும் நோய் இரண்டு முதல் எட்டு வாரம் வரை காத்திருந்து வரும். திருப்பதியில் கொடுத்த மாத்திரை சேலத்திலோ ஷோலாப்பூரிலோ தன் குணத்தைக் காட்டும். கொடுத்தவருக்கு விளைவு தெரியாது. விளைவைப் பார்ப்பவருக்குக் கொடுத்தது தெரியாது.

சித்தூரின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கிருந்து வேலூர் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். காலையில் புறப்பட்டு வேலூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டு மாலையில் வீடு திரும்புவது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். மருந்துச் சீட்டு ஒரு ராஜ்யத்தில் எழுதப்படுகிறது. தடிப்பு மற்றொரு ராஜ்யத்தில் தோன்றுகிறது. அதைப் பார்க்கும் கிராமத்து நர்ஸ், “வேலூரில் பெரிய டாக்டர் கொடுத்த மருந்து, நாம் என்ன சொல்வது” என்று தயங்குகிறார். அந்தத் தயக்கம் மரியாதையிலிருந்து பிறந்தது, ஆயினும் தீங்கானது. இவ்விரு ஊர்களிலும் தடிப்பை முதலில் காணும் களப்பணியாளர் எழுதாவிட்டால், மருந்தையும் விளைவையும் இணைத்துப் பார்க்க எவராலும் இயலாது.

எழுதாதிருப்பது நமக்கு மட்டும் உரிய குறையன்று. 2006-ல் ஹேசல், ஷகீர் என்ற இருவர் பன்னிரண்டு நாடுகளில் நடந்த முப்பத்தேழு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். நிகழும் தீய விளைவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு அறிவிக்கப்படாமலே போகின்றன என்ற நடு அளவை அவர்கள் கண்டனர். இங்கிலாந்தின் டாக்டர் இன்மன் இதற்கான காரணங்களைப் பாவங்கள் என்றே பெயரிட்டுப் பட்டியல் போட்டவர். விற்பனைக்கு வந்த மருந்து அபாயமற்றதாகத்தான் இருக்கும் என்ற மெத்தனம், வழக்கு வருமோ என்ற அச்சம், தாமே தீங்கு செய்துவிட்டோமோ என்ற குற்ற உணர்வு, சந்தேகத்தை மட்டும் எழுதினால் நகைப்பார்களோ என்ற கூச்சம், சோம்பல் முதலியவை அதில் அடங்கும். இவற்றுள் நம் பக்கத்தில் ஓங்கி நிற்பது கூச்சமே என்பது என் அபிப்பிராயம். “நிச்சயமாகத் தெரியாமல் எப்படி எழுதுவது?” என்ற கேள்வியை நான் டாக்டர்களிடமும் மருந்தாளுநர்களிடமும் பலமுறை கேட்டிருக்கிறேன். படித்தவர்களுக்கே உரிய தடை இது. பரீட்சையில் தவறான விடை எழுதுவதைவிட எழுதாமல் விடுவதே மேல் என்று பழகிய மனம், படிவத்தையும் பரீட்சைத் தாளாகவே பார்க்கிறது.

படிவம் கேட்பது சந்தேகத்தை மட்டுமே. மருந்துக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பை எடைபோடுவது கண்காணிப்பு நிலையத்தாரின் வேலை. அதற்கென்று 1981-ல் கனடாவில் நரான்ஹோ என்பவர் வகுத்த பத்துக் கேள்விகள் உண்டு. மருந்துக்குப் பின்னர்தான் விளைவு தோன்றியதா, நிறுத்தியதும் தணிந்ததா, மீண்டும் கொடுத்தபோது மீண்டும் வந்ததா, வேறு காரணம் இருக்கக் கூடுமா என்பன போன்றவை அவை. அறிவிப்பவர் தர வேண்டிய இன்றியமையாத செய்திகள் நான்கே: நோயாளி இன்னார் என்று இனங்காட்டும் ஒரு குறிப்பு, சந்தேகிக்கப்படும் மருந்து, கண்ட தீங்கு, அறிவிப்பவர் பெயர். நோயாளியின் விவரம் இரகசியமாக வைக்கப்படும். அறிக்கை தருவது எவருடைய குற்றத்தையும் ஒப்புக்கொள்வதாகாது என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. எழுத்தைப் பெரிதாக்கி மேலே போட்டால் நலம்.

முதலாவது செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை. படிவம் நோயாளியின் முழுப் பெயரைக் கேட்பதில்லை. இனிஷியலை மட்டும் கேட்கிறது. ஆங்கிலேயருக்கு அது பெயரின் முதலெழுத்துகள். தமிழருக்கு இனிஷியல் என்றால் தகப்பனார் பெயரின் எழுத்து. தெலுங்கருக்கோ வீட்டுப் பெயரின் எழுத்து. சித்தூரில் ஒரே தெருவில் வசிக்கும் இருவர் இந்த ஒரு கட்டத்தை இருவிதமாக நிரப்புவார்கள். ஒரே நோயாளியைப் பற்றி இரு அறிக்கைகள் வந்தால் அவை இரு நோயாளிகளாகிவிடக் கூடும். சிறிய விஷயந்தான். ஆனால் வேறொரு நாட்டின் பழக்கத்தில் பிறந்த படிவத்தை நம் ஊர் மேஜையில் வைக்கும்போது இத்தகைய சிறிய விஷயங்களை யாராவது முன்கூட்டியே நினைத்துப் பார்க்க வேண்டும்.

டாக்டர்கள் மட்டுமே அறிவிக்க வேண்டும் என்று விதியில்லை. மருந்தாளுநரும், நர்ஸும், பல் வைத்தியரும், மற்ற சுகாதார ஊழியரும் அறிவிக்கலாம். நோயாளி தாமே எழுதுவதற்குத் தனிப் படிவம் தமிழ், தெலுங்கு உட்படப் பத்து இந்திய மொழிகளில் வெளியாகியிருக்கிறது. இதற்கும் மேலே சென்று, அறிவிக்கும் பொறுப்பின் பெரும் பகுதி நர்ஸுகளிடமும் மருந்தாளுநரிடமும் கிராம சுகாதார ஊழியரிடமும் இருப்பதே பொருத்தம் என்று நான் கூறுவேன். ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கும் டாக்டரின் முன்னால் நோயாளி நிற்பது இரண்டு நிமிஷம். வீட்டுக்குச் செல்லும் கிராம நர்ஸோ வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பேசுகிறார். அவருக்குத்தான் தெரியும், இரத்த அழுத்தத்திற்கு அம்லோடிபின் தொடங்கிய பிறகே அம்மூதாட்டியின் கணுக்கால் வீங்கியது என்று. மூதாட்டியோ மலையேறி வந்ததனால் வீங்கியது என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார். எனலாபிரில் போன்ற மருந்தினால் வரும் வறட்டு இருமலுக்குக் கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடிப்பவர்கள் எத்தனை பேர்! ஒரு மருந்தின் தீங்கைத் தீர்க்க இரண்டாவது மருந்து, அதன் தீங்கிற்கு மூன்றாவது என்று சங்கிலி நீளுகிறது. அச்சங்கிலியை முதற் கண்ணியிலேயே காணக்கூடியவர் கிராம நர்ஸ்தான்.

ஆனால் எதைக் கண்டு அஞ்சக்கூடாது என்பதையும் அவருக்குச் சொல்லித்தர வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் உண்பவருக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது மருந்தின் நிறமே; அதைக் கண்டு மஞ்சட்காமாலை என்று பயந்து மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு. அதே நோயாளிக்குக் கண்ணின் வெள்ளை மஞ்சளானால், பசி அடியோடு போனால், ஓயாமல் குமட்டினால், அது வேறு விஷயம். காசநோய் மருந்துகளில் சில ஈரலைத் தாக்கக் கூடியவை. அன்றே டாக்டரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். படிவம் அதற்குப் பிறகு. இவ்வேறுபாட்டை அறிந்த ஊழியர் ஒருவர், அறியாத பட்டதாரிகள் பத்துப் பேரைவிட இப்பணிக்கு உகந்தவர்.

ஆசிரியர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளிக்கூடம் இப்போது மருந்து வழங்கும் இடமாகவும் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க அல்பெண்டசோல் மாத்திரை, வாரம் ஒருமுறை இரும்புச் சத்து மாத்திரை ஆகியவை வகுப்பறையிலேயே கொடுக்கப்படுகின்றன. இரும்பு மாத்திரை உண்ட பிள்ளைக்கு மலம் கறுத்துப் போகும். வெறும் வயிற்றில் உண்டால் குமட்டும். புழு அதிகமுள்ள குழந்தைக்கு மாத்திரைக்குப் பின் வயிற்றுவலியோ வாந்தியோ வரலாம். இவற்றை முன்கூட்டியே அறிந்த ஆசிரியர் நிதானமாக இருப்பார். ஒரு பிள்ளை வாந்தியெடுத்தவுடன் வகுப்பே மயங்கி விழுவதும், பெற்றோர் கூட்டமாக ஓடி வருவதும் பெரும்பாலும் ஆசிரியரின் கலக்கத்தைப் பார்த்தே நிகழ்வன. அதே ஆசிரியர், எந்தப் பிள்ளைக்கு, எத்தனை மணிக்குக் கொடுத்தோம், எத்தனை மணிக்கு என்ன கண்டது, மாத்திரை அட்டையில் அச்சிட்ட தொகுதி எண் என்ன என்ற செய்திகளை வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் குறித்துவைத்து, அன்று மாலையே சுகாதார நிலையத்திற்குத் தெரிவித்தால், அது டாக்டரின் நினைவிலிருந்து எழுதும் அறிக்கையைவிடப் பன்மடங்கு மதிப்புள்ளது. மணி பார்த்து எழுதும் பழக்கம் ஆசிரியருக்கு நம்மைவிட அதிகம்.

தொகுதி எண் என்றேன். 2025-ம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா ஜில்லாவில் நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. சளிக்காகக் கொடுக்கப்பட்ட ‘கோல்ட்ரிஃப்’ என்னும் இருமல் மருந்தினால் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அந்த மருந்து தயாரிக்கப்பட்டது திருப்பதியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள காஞ்சிபுரம் ஜில்லாவில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் பரிசோதித்தபோது, அதில் நூற்றுக்கு 0.1 பங்குக்கு மேல் இருக்கலாகாத டை-எதிலீன் கிளைகால் என்னும் நஞ்சு 48.6 பங்கு இருந்தது. இதே நஞ்சு 1937-ல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 1972-ல் சென்னையிலும் குழந்தைகளைக் கொன்றது. 1986-ல் பம்பாய் ஜே. ஜே. ஆஸ்பத்திரியில் பதினால்வரைக் கொன்றது. சிந்த்வாடாவில் முதலில் தொற்றுநோயோ என்று ஐயுற்று நீரையும் கொசுவையும் சோதித்தார்கள். சாவுகளுக்கிடையே பொதுவாக இருந்த பொருள் மருந்துப் புட்டி என்பது வெளிப்படுவதற்குள் வாரங்கள் கழிந்தன.

கண்டிப்பாகப் பேசினால் இது மருந்தின் தீய விளைவன்று, மருந்தில் கலந்த நஞ்சின் விளைவு என்று சிலர் வகைப்படுத்திக் காட்டுவார்கள். வகைப்பாடு சரியே. ஆனால் கிராமத்தில் புட்டியையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும்? சளிக்கு மருந்து குடித்த குழந்தைக்கு மூத்திரம் நின்றுவிட்டது என்பதுதான் அவர் கண்டது. இரண்டாவது குழந்தைக்கும் அவ்வாறே நேர்ந்ததென்று அடுத்த ஊர்க்காரர் ஒருவர் அறிவித்திருந்தால், இரு அறிக்கைகளிலும் புட்டியின் பெயரும் தொகுதி எண்ணும் இருந்திருந்தால், எத்தனை குழந்தைகளைக் காத்திருக்கலாம் என்று கணக்கிட நான் துணியமாட்டேன். சிலவற்றையாவது காத்திருக்கலாம்.

இதற்கெல்லாம் மறுப்பு உண்டு. தீங்குகளைப் பற்றி இவ்வளவு பேசினால் ஜனங்கள் மருந்தையே வேண்டாமென்பார்கள், அம்மை ஊசிக்கும் பிள்ளையைக் கொண்டுவர மாட்டார்கள் என்று அனுபவமுள்ள அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள். இந்த அச்சத்தை நான் லேசாக எண்ணவில்லை. வதந்தியின் வேகத்தைத் திருப்பதி–சித்தூர் பஸ்ஸில் ஒருமுறை பிரயாணம் செய்தவர் அறிவார். ஆனால் வதந்தி பிறப்பது தீங்கைப் பற்றி எழுதியதனாலா, எழுதாமல் மறைத்ததனாலா? “என் பிள்ளைக்கு ஊசி போட்டபின் இப்படி ஆயிற்று” என்று சொல்லும் தாயிடம், “அப்படியெல்லாம் ஆகாது, போ” என்று விரட்டினால் அவள் அதைப் பத்துப் பேரிடம் சொல்வாள். அவள் எதிரிலேயே ஒரு தாளை எடுத்து, தேதி கேட்டு, மருந்தின் பெயர் கேட்டு எழுதினால், அவளுடைய சொல்லுக்கு மதிப்பிருந்தது என்று அறிந்து வீடு செல்வாள்.

வேறொரு மறுப்பு எனக்கு வலுவாகப் படுகிறது. எழுதி அனுப்புகிறோம், பிறகு அது என்ன ஆயிற்று என்று தெரிவதில்லை என்று எனக்குத் தெரிந்த மருந்தாளுநர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். பலன் இல்லாமலில்லை. மாதவிடாய் வலிக்கும் மூட்டு வலிக்கும் மக்கள் தாராளமாக உபயோகிக்கும் மெஃபெனாமிக் அமிலம் மேற்கூறிய டிரெஸ் நோயை உண்டாக்கக் கூடும் என்று 2023 நவம்பரில் இத்திட்டத்தார் எச்சரிக்கை வெளியிட்டார்கள். நாட்டில் பற்பலர் எழுதி அனுப்பிய அறிக்கைகளை ஆராய்ந்தே அம்முடிவுக்கு வந்தார்கள். ஆனால் அவ்வறிக்கைகளை எழுதியவர்களில் எத்தனை பேருக்கு இச்செய்தி தம் உழைப்பின் பயன் என்று தெரிந்திருக்கும்? அறிவித்தவருக்கு ஒரு தபால் அட்டையளவு பதில், அவருடைய தாய்மொழியில், செல்ல வேண்டும் என்பது என் கோரிக்கை. மொழிபெயர்க்க நாங்கள் இருக்கிறோம்.

இவ்வளவும் எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பது வேறு கேள்வி. என் சிற்றன்னை சித்தூரில் வசிப்பவர். 2017-ல் அவருக்கு ஏதோ ஜுரத்திற்கு உள்ளூரில் மாத்திரை கொடுத்தார்கள். சில நாளில் உதட்டிலும் கைகளிலும் கருஞ்சிவப்புத் திட்டுகளும் வாயில் கொப்புளங்களும் வந்தன. நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார், ஆறியது. யாரும் எழுதவில்லை. 2019-ல் திருப்பதிக்கு வந்த இடத்தில் மூத்திரக் கடுப்பு என்று ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். முன்பு எந்த மருந்தாவது படாமல் போனதா என்று அங்கிருந்த நர்ஸ் முறையாகக் கேட்டார், அவர்மேல் குற்றமில்லை. சிற்றன்னை “ஒரு வெள்ளை மாத்திரை, அம்மா” என்றார். அதைக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்? கோட்ரிமாக்ஸசோல் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாம் நாளே வாயும் கண்ணும் வெந்து, பதினொரு நாள் படுக்கையில் கிடந்து பிழைத்தார். இடது கண்ணில் பார்வை மங்கிவிட்டது. இன்றும் பிள்ளைகளின் முகத்தை வலப்பக்கமாகத் திரும்பித்தான் பார்க்கிறார். முதலில் கொடுத்ததும் அதே மருந்தாகத்தான் இருக்க வேண்டும் என்று பார்த்த டாக்டர் சொன்னார்.

அந்த 2017-ம் ஆண்டில் நான் சித்தூருக்குப் போய் அவருடைய கைத் திட்டுகளைக் கண்ணால் பார்த்தவன். மருந்துக் கண்காணிப்பு பற்றிய துண்டறிக்கை ஒன்று அதற்கு முந்தைய வருஷமே என் மேஜைக்கு வந்து, நான் அதைத் தமிழாக்கிக் கொடுத்திருந்தேன். அதில் வருவதும் இதுவும் ஒன்றே என்று எனக்குத் தோன்றவில்லை.

பிற்பாடு, 2019-ல் நடந்ததற்குப் படிவம் ஒன்றைப் பூர்த்தி செய்து அனுப்பினேன். அதற்கு மருந்தின் பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்தது. 2017-ல் நடந்ததற்கும் ஒன்று எழுத உட்கார்ந்தேன். அட்டையும் இல்லை, சீட்டும் இல்லை. கொடுத்த கடையில் கேட்டால் நினைவில்லை என்றார்கள். “நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், எப்படி இருந்தது?” என்று சிற்றன்னையைக் கேட்டேன். “வெள்ளை மாத்திரை, நைனா. நடுவில் ஒரு கோடு இருக்கும்” என்றார். மருந்தின் பெயர் என்ற கட்டத்தில் அதையே எழுதினேன்.